ஏழைப் பிள்ளைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர்: தாடியஸ் ஸ்டீவன்ஸ்



இன்றைய உரையை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பிள்ளை குட்டி இல்லாத ஒருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை படிப்பதற்காக வரி கட்ட வேண்டுமா? "என் பிள்ளைக்கு நான் செலவு செய்கிறேன். அவன் பிள்ளைக்கு அவன் செலவு செய்துகொள்ளட்டும்" என்று ஒருவர் சொன்னால், அதில் என்ன தவறு?

இந்தக் கேள்வி 1835ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. அப்பொழுது சட்டமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொன்னவர் கால் ஊனமுற்ற ஒரு வழக்கறிஞர். அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனாலும் ஊரார் பிள்ளைகளுக்காக அவர் வாதாடினார், வென்றார். அவர் பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஏறி, அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டத்துக்காகவும் கறுப்பின மக்களின் குடியுரிமைக்காகவும் போராடியவரும் இவரே. அவருடைய வாழ்க்கையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மாண்ட் என்றொரு மாநிலம் இருக்கிறது. மலையும் காடும் கடுங்குளிரும் நிறைந்த பகுதி. அங்கே டேன்வில் என்னும் சிற்றூரில், 1792ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஸ்டீவன்ஸ் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு பாதம் வளைந்திருந்தது. அவருடைய அண்ணனுக்கோ இரண்டு பாதங்களும் வளைந்திருந்தன. தந்தை ஜோஷுவா சப்பாத்துத் தைக்கும் தொழில் தெரிந்தவர். ஆனால் குடும்பம் நடத்தத் தெரியாதவர். நான்கு ஆண் பிள்ளைகளையும் மனைவியையும் தவிக்கவிட்டு, ஒரு நாள் போனவர் திரும்பி வரவே இல்லை.

தாய் சாரா என்ன செய்தார்? தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. சின்னஞ்சிறு பண்ணையில் தாமே உழைத்தார். ஊனமுற்ற இந்தப் பிள்ளை கலப்பை பிடித்துப் பிழைக்க முடியாது, படித்தால்தான் பிழைக்கும் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்தது. நல்ல பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்னும் ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடிபெயர்ந்தார். பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தைத் தேடிக் குடும்பத்தையே கொண்டுபோன தாய் அவர். நேயர்களே, ஸ்டீவன்ஸ் பிற்காலத்தில் செய்த பெரிய காரியங்களுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது.

பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவர் நொண்டி நடப்பதைப் போல நடந்து காட்டிக் கேலி செய்தார்கள். அந்தக் காயம் அவர் மனத்தில் ஆறவே இல்லை. கேலிக்கு ஆளானவர்களில் சிலர் பிறரைக் கேலி செய்யக் கற்றுக்கொள்வார்கள். சிலர், கேலிக்கு ஆளாகிறவர்களின் பக்கம் போய் நிற்பார்கள். ஸ்டீவன்ஸ் இரண்டையும் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் நாக்கு சவுக்கைப் போன்றது. ஆனால் அந்தச் சவுக்கு பெரும்பாலும் பெரிய மனிதர்கள் மேல்தான் விழுந்தது.

1814ஆம் ஆண்டில் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவில் யார்க் என்னும் ஊருக்கு வந்து, பகலில் ஆசிரியர் வேலை பார்த்தார். மற்ற நேரத்தில் சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர்களை அந்த வட்டாரத்து வழக்கறிஞர்கள் தங்களோடு சேர்த்துக்கொள்ள விரும்பவில்லை. சம்பாதித்துக்கொண்டே படித்தவனுக்கு இந்த வாசல் இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஸ்டீவன்ஸ் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்து மாநிலமான மேரிலாந்துக்குப் போய், அங்கே 1816இல் வழக்கறிஞராகத் தேறி வந்தார். பிறகு கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் அலுவலகம் திறந்தார். சில ஆண்டுகளுக்குள் அந்த வட்டாரத்தின் முன்னணி வழக்கறிஞர்களில் ஒருவரானார்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லியாக வேண்டும். பெரியவர்களின் வாழ்க்கையைப் பேசும்போது நல்லதை மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மையாகாது.

பென்சில்வேனியா, அடிமைத்தனத்தைச் சிறிது சிறிதாக ஒழிப்பதற்கு 1780ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்த மாநிலம். ஆனால் அதன் தெற்கு எல்லையைத் தாண்டினால் மேரிலாந்து. அங்கே அடிமைத்தனம் சட்டப்படி நடந்து வந்தது. மேரிலாந்துக்காரர் ஒருவர் தம் அடிமையை அழைத்து வந்து பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கவைத்தால், அந்த அடிமை விடுதலை பெறலாம் என்பது விதி. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், "நான் ஆறு மாதத்துக்கு மேல் இந்த மாநிலத்தில் இருந்திருக்கிறேன். நானும் என் பிள்ளைகளும் அடிமைகள் அல்லர்" என்று வழக்குத் தொடுத்தாள். எஜமானியோடு வந்து போன நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் ஆகிறது என்பது அவள் கணக்கு.

அந்த எஜமான் பக்கத்துக்கு வாதாட வந்த வழக்கறிஞர் யார் தெரியுமா? நம் ஸ்டீவன்ஸ்தான். "ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், விட்டு விட்டு இருந்ததைக் கூட்டக் கூடாது" என்ற வாதம் நீதிமன்றத்தில் வென்றது. 1821ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. சாரிட்டியும் அவள் பிள்ளைகளும் மீண்டும் அடிமைகளாயினர்.

சட்டப்படி அவர் வென்றார். ஆனால் அதன் விலை ஒரு தாயும் அவள் பிள்ளைகளும். அந்த வழக்கைப் பற்றி அவர் மனத்தில் என்ன ஓடியது என்று நாம் ஊகித்துச் சொல்ல வேண்டாம். அவர் செய்ததைப் பார்ப்போம். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில், தப்பி ஓடிவந்த அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞராக அவர் மாறினார். சாகும் வரையில் அந்தப் பக்கத்தை விட்டு அகலவில்லை. தவறு செய்தவன் வாழ்நாள் முழுவதும் தவறாகவே இருக்க வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை.

1833ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ் பென்சில்வேனியாச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இனி நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அக்காலத்தில் அந்த மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகள் படிக்க ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது எப்படிப்பட்ட வழி? பெற்றோர் அதிகாரியிடம் போய், "நாங்கள் ஏழைகள், எங்களால் சம்பளம் கட்ட முடியாது" என்று பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் ஏழைகள் பட்டியலில் ஏறும். அதன்பின் அரசாங்கம் அந்தப் பிள்ளைக்குப் பணம் கட்டும். பள்ளியில் எல்லாருக்கும் தெரியும், இவன் தர்மத்தில் படிக்கிற பிள்ளை என்று. மானமுள்ள பெற்றோர் என்ன செய்வார்கள்? "பட்டினி கிடந்தாலும் பட்டியலில் ஏற மாட்டோம்" என்று பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். படிப்பு இருந்தும் பிள்ளைகளுக்கு எட்டவில்லை.

1834ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. ஊர்தோறும் பொதுப்பள்ளி, வரிப்பணத்தில் நடக்கும். பணக்காரன் பிள்ளையும் ஏழையின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். பட்டியல் கிடையாது. நல்ல சட்டந்தானே? ஆனால் வரி என்றதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். சட்டத்தை நீக்கச் சொல்லிச் சட்டமன்றத்துக்கு மனுக்கள் குவிந்தன. அடுத்த ஆண்டே மேலவை அந்தச் சட்டத்தைக் கைவிட வாக்களித்துவிட்டது. கீழவையும் அவ்வாறே செய்துவிடும் என்று எல்லாரும் எண்ணினார்கள். ஸ்டீவன்சுக்கு வாக்களித்த தொகுதி மக்களே, "பள்ளிச் சட்டத்தை எதிர்த்து வாக்களியுங்கள்" என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஓட்டுக் கேட்டு வந்தவருக்கு இதைவிடப் பெரிய சோதனை என்ன இருக்கிறது? மக்கள் சொன்னபடி செய்தால் பதவி நிலைக்கும். மனச்சாட்சி சொன்னபடி செய்தால் பதவி போகலாம்.

1835ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், தம் ஊன்றுகோலோடு ஸ்டீவன்ஸ் எழுந்தார். அவர் பேசியதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன்.

"பிள்ளையில்லாதவன் பள்ளிக்கு ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள். சரி, நீங்கள் எல்லாரும் சிறைச்சாலைக்கு வரி கட்டுகிறீர்களே, உங்களில் எத்தனை பேர் சிறையில் போய் இருக்கப் போகிறீர்கள்? குற்றவாளியைத் தண்டிக்கும் மன்றத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள். மனிதன் குற்றவாளியாகாமல் தடுக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்களா?" இதுதான் அவர் முதல் வாதம்.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. பழைய முறைக்கே திரும்புவோம் என்று சொன்னவர்களைப் பார்த்து, அப்படி ஒரு சட்டம் செய்வதானால், ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர் வையுங்கள் என்றார். மாட்டுக்குச் சூடு போடுவதுபோல, ஏழையின் பிள்ளைக்கு நெற்றியில் குறி போட்டுத்தான் எழுத்துச் சொல்லிக் கொடுப்பீர்களா என்பது அதன் பொருள்.

மூன்றாவதாக, தம் தொகுதி மக்களைப் பற்றியும் பேசினார். அவர்கள் கோபத்துக்கு ஆளானாலும் பரவாயில்லை, அறியாமைக்கு வழிகாட்டியாக இருந்து பெறும் பதவி எனக்கு வேண்டாம் என்னும் கருத்தில் பேசி முடித்தார். இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். பள்ளிச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுநர் ஜார்ஜ் உல்ஃப், ஸ்டீவன்சின் எதிர்க்கட்சிக்காரர். ஆனாலும் பள்ளி விஷயத்தில் அவர் செய்தது சரி என்று ஸ்டீவன்ஸ் அவர் பக்கமே நின்றார்.

அன்று கீழவை தன் மனத்தை மாற்றிக்கொண்டது. பள்ளிச் சட்டம் பிழைத்தது. முடிவில் மேலவையும் இணங்கியது. அன்றிலிருந்து பென்சில்வேனியாவில் பொதுப்பள்ளி என்பது யாருடைய தர்மமும் அல்ல, பிள்ளைகளின் உரிமை என்று ஆயிற்று. தம் வாழ்க்கையில் செய்த காரியங்களுள் இதையே மிகவும் பெருமைக்குரியதாக ஸ்டீவன்ஸ் கருதினார்.

இரண்டாண்டு கழித்து, 1837இல், மாநிலத்தின் அரசியல் சட்டத்தைத் திருத்த ஒரு மாநாடு கூடியது. அதில், வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று ஒரு சொல்லை நுழைத்தார்கள். கறுப்பின ஆடவர்களுக்கு இருந்த வாக்குரிமை பறிபோனது. ஸ்டீவன்ஸ் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. சட்டம் எழுதி முடிந்து கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது, அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அவர் வழக்கறிஞராக மட்டும் இல்லாமல், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றையும் நடத்தினார். அதில் பெரிய லாபம் இல்லை, கடன்தான் ஏறியது. கடனை அடைப்பதற்காகவே 1842இல் லங்காஸ்டர் என்னும் பெரிய ஊருக்குக் குடிபோய், வழக்கறிஞர் தொழிலைப் பெருக்கினார். அங்கே லிடியா ஹாமில்ட்டன் ஸ்மித் என்ற கலப்பினப் பெண்மணி அவர் வீட்டு நிர்வாகத்தை ஏற்றார். கணவரை இழந்தவர், பிள்ளைகளை வளர்த்தவர், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். ஏறத்தாழ 20 ஆண்டுகள், ஸ்டீவன்ஸ் இறக்கும் வரையில், அவர் வீட்டைக் கவனித்துக்கொண்டார். ஊரார் என்னென்னவோ பேசினார்கள். ஸ்டீவன்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மையாரை மரியாதையோடு நடத்தினார், வீட்டுக்கு வருகிறவர்களும் அவ்வாறே நடத்த வேண்டும் என்று எதிர்பார்த்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வீட்டருகே தோண்டிப் பார்த்தபோது, நிலத்தடித் தண்ணீர்த்தொட்டி ஒன்று கிடைத்தது. தப்பி வந்த அடிமைகளை ஒளித்துவைக்க அது பயன்பட்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

1848ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டு ஸ்டீவன்ஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 57. பலர் ஓய்வைப் பற்றி எண்ணும் வயதில், அவருடைய பெரிய போராட்டம் தொடங்கியது. 1850ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு கொடிய சட்டம் செய்தது. அடிமை எந்த மாநிலத்துக்குத் தப்பி ஓடினாலும் பிடித்துக் கொடுக்க வேண்டும், ஒளித்து வைத்தவருக்கும் தண்டனை என்றது அச்சட்டம். ஸ்டீவன்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

மறு ஆண்டே அந்தச் சட்டத்தின் விளைவு அவர் ஊர்ப்பக்கத்திலேயே வெடித்தது. 1851 செப்டம்பரில், லங்காஸ்டர் வட்டாரத்தில் கிறிஸ்டியானா என்னும் ஊருக்கு, தப்பிய அடிமைகளைப் பிடிக்க மேரிலாந்திலிருந்து ஒரு எஜமானர் ஆட்களோடு வந்தார். கறுப்பின மக்கள் பணியவில்லை. கைகலப்பில் அந்த எஜமானர் கொல்லப்பட்டார். அரசாங்கம் 38 பேர் மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. முதலில் விசாரிக்கப்பட்டவர், அடிமை பிடிக்க உதவ மறுத்த ஒரு வெள்ளைக்காரர். அவருக்காக நின்ற வழக்கறிஞர்களில் ஸ்டீவன்சும் ஒருவர். ஜூரிகள் கால்மணி நேரத்துக்குள் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மற்றவர்கள் மீதான தேசத்துரோக வழக்கும் அத்தோடு விழுந்தது. 30 ஆண்டுகளுக்கு முன் சாரிட்டி பட்லரை அடிமையாக்கிய அதே வாய்தான் இப்பொழுது இவர்களுக்காகப் பேசியது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமைத்தனத்தை விடாத தென் மாநிலங்கள் தனி நாடாகப் பிரிய முயன்றன. அப்பொழுது நாட்டில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். நாட்டின் வரவு செலவைக் கவனிக்கும் நாடாளுமன்றக் குழுவுக்கு ஸ்டீவன்ஸ் தலைவரானார். போருக்கு வேண்டிய பணத்தைத் திரட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஆபிரகாம் லிங்கன் அதிபர். இருவரும் ஒரே கட்சி. ஆனாலும் லிங்கன் மெதுவாகப் போகிறார் என்று ஸ்டீவன்ஸ் விடாமல் இடித்துரைத்து வந்தார்.

அவருடைய நாக்கைப் பற்றி முன்பே சொன்னேன். ஒரு கதை சொல்வார்கள். அமைச்சர் பதவிக்கு ஒருவர் பெயர் அடிபட்டபோது, "அவர் திருடுவாரா?" என்று லிங்கன் கேட்டாராம். "பழுக்கக் காய்ச்சிய இரும்பு அடுப்பைத் திருட மாட்டார் என்று நினைக்கிறேன்" என்றாராம் ஸ்டீவன்ஸ். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு, சொன்னதைத் திரும்பப் பெறச் சொன்னாராம். "சரி, அதையும் திருட மாட்டார் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்" என்றாராம் இவர்!

போரில் கறுப்பின வீரர்களும் சேர்ந்து உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். ஆனால் சம்பளத்தில் பாருங்கள், வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். கையில் கிடைப்பது 7 டாலர். ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, ஒரே சாவு. சம்பளம் மட்டும் இரண்டு. ஸ்டீவன்சும் அவரைப் போன்றவர்களும் விடாமல் போராடியதால், 1864இல் சம சம்பளச் சட்டம் வந்தது.

போரில் அவருக்கும் இழப்பு நேர்ந்தது. 1863 ஜூன் மாதத்தில் தென்படையினர் பென்சில்வேனியாவுக்குள் புகுந்தபோது, ஸ்டீவன்சின் இரும்பு ஆலை என்று தெரிந்தே அதைக் கொளுத்தினார்கள். ஆலை சாம்பலாயிற்று. தம் சொத்துப் போனதைப் பற்றி அவர் புலம்பவில்லை. ஆலையை நம்பிப் பிழைத்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்களைத் தாம் காப்பாற்ற வேண்டுமே என்பதே அவருக்குக் கவலையாக இருந்தது.

1865ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், அடிமைத்தனத்தை ஒழிக்கும் 13ஆம் அரசியல் சட்டத் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 119க்கு 56 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில் அது நாட்டின் சட்டமாயிற்று. அதற்குள் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டு, ஆண்ட்ரூ ஜான்சன் அதிபராகியிருந்தார்.

விலங்கு கழன்றது. ஆனால் விலங்கு கழன்றவன் எங்கே போவான்? எந்த வீட்டில் படுப்பான்? எந்த நிலத்தில் உழுவான்? ஸ்டீவன்ஸ் இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் பேசியபோது ஒரு திட்டம் சொன்னார். போர் தொடுத்த பெரும் பண்ணையார்களின் நிலத்தை அரசாங்கம் எடுத்து, விடுதலை பெற்ற ஆடவர் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுக்க வேண்டும் என்றார். சொந்த நிலமும் சொந்தக் கூரையும் இல்லாதவனுடைய விடுதலை அரை விடுதலைதான் என்பது அவர் நம்பிக்கை.

அந்தத் திட்டத்தை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. அவருடைய கட்சிக்காரர்களே துணிய மறுத்தார்கள். விளைவு என்ன? விடுதலை பெற்ற மக்களில் பெரும்பாலோர் பழைய எஜமானரின் நிலத்திலேயே வாரத்துக்கு உழப் போனார்கள். விதைக்குக் கடன், உணவுக்குக் கடன், அறுவடையில் பாதி பண்ணையாருக்கு, மீதி கடனுக்கு. ஆண்டு முடிவில் கை வெறுங்கை. உழைக்கிற இடமும் குடியிருக்கிற இடமும் ஒருவருடைய கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நிலத்தில் தோற்றவர் சட்டத்தில் விடவில்லை. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் எவராயினும் குடிமக்களே, சட்டத்தின் பாதுகாப்பு எல்லாருக்கும் சமம் என்று சொல்லும் 14ஆம் திருத்தத்தை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். அது 1866 ஜூன் மாதத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர் கேட்ட முழு அளவுக்கு அது இல்லை. கறுப்பினத்தாருக்கு வாக்குரிமையை அது உறுதி செய்யவில்லை. ஆனாலும் ஏற்றுக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, தாம் வாழ்வது மனிதர்கள் நடுவில், தேவர்கள் நடுவில் அல்ல என்னும் பொருள்பட விடை சொன்னார். முழுதும் கிடைக்கவில்லை என்பதற்காகக் கிடைத்ததையும் உதறிவிடக் கூடாது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு மீதிக்காகப் போராட வேண்டும். தொழிற்சங்கத்தில் பேச்சுவார்த்தைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த உண்மை புரியும்.

அதிபர் ஜான்சன் கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களுக்கு முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே இருந்தார். 1868 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை அவர் மீது குற்றம் சாட்டியது. முன்னின்றவர்களில் ஸ்டீவன்ஸ் ஒருவர். ஆனால் மேலவையில் ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் ஜான்சன் தப்பினார். அப்பொழுது ஸ்டீவன்சுக்கு உடல் தளர்ந்து, நடக்க முடியாத நிலை. இரண்டு ஆட்கள் நாற்காலியில் வைத்து அவரைத் தூக்கி வருவார்கள். "தம்பிகளே, நீங்கள் செத்துப் போய்விட்டால் என்னை யார் தூக்குவார்கள்?" என்று அவர்களிடம் வேடிக்கை பேசுவாராம்.

1868 ஜூலையில் 14ஆம் திருத்தம் நாட்டின் சட்டமாயிற்று. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஆகஸ்டு 11ஆம் நாள் இரவு, தமது 76ஆம் வயதில் வாஷிங்டனில் காலமானார். லிடியா ஸ்மித் அருகில் இருந்தார். அவருடைய உடல் நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுமண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கறுப்பின வீரர்கள் காவல் நின்றார்கள்.

அவரைப் புதைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். லங்காஸ்டரில் பெரிய இடுகாடுகள் இருந்தன. ஆனால் அங்கே வெள்ளையருக்கு மட்டுமே இடம். அப்படிப்பட்ட இடம் எனக்கு வேண்டாம் என்று, எல்லா இனத்தாரையும் ஏற்கும் ஒரு சிறிய இடுகாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த சமத்துவத்தைச் சாவிலும் காட்டுவதற்காகவே இந்த இடம் என்று தம் கல்லறையில் பொறிக்கவும் ஏற்பாடு செய்திருந்தார்.

அவருடைய உயிலில் மூன்று செய்திகள் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒன்று, தாயின் கல்லறையின் நான்கு மூலைகளிலும் ரோஜாச் செடி நட்டுப் பராமரிக்கப் பணம் ஒதுக்கினார். இரண்டு, தம் சகோதரரின் மகன் ஒருவன் குடிப்பழக்கத்தில் சிக்கியிருந்தான். அவன் ஐந்தாண்டுகள் தொடர்ந்து மதுவைத் தொடாமல் இருந்து காட்டினால் சொத்தில் கால் பங்கு கொடுக்கலாம் என்று எழுதினார். அந்த இளைஞனால் முடியவில்லை. கையருகே இருந்த செல்வத்தைக் குடி தட்டிவிட்டது. மூன்று, மீதிச் சொத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைக்க வேண்டும், அங்கே இனம் பார்த்து வேற்றுமை காட்டக் கூடாது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேசையில் உண்ண வேண்டும் என்றார். அதிலிருந்து பிறந்த தொழிற்பள்ளி 1905இல் லங்காஸ்டரில் நிறுவப்பட்டது. இன்று அது தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியாக நடந்து வருகிறது.

அவர் இறந்தபின் நடந்தது என்ன? 1870இல் 15ஆம் திருத்தம் வந்து, இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. ஆனால் 1877க்குப் பிறகு தென் மாநிலங்கள் அந்த உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டன. ஸ்டீவன்சையே ஒரு கொடியவராகச் சித்திரித்துப் புத்தகங்களும் திரைப்படமும் வந்தன. இருந்தாலும் ஏட்டில் எழுதிய சட்டம் ஏட்டில் இருந்தது. 1954ஆம் ஆண்டில், வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எந்தச் சட்டத்தைக் கொண்டு சொன்னது? ஸ்டீவன்ஸ் உருவாக்க உதவிய அதே 14ஆம் திருத்தத்தைக் கொண்டுதான். அவர் இறந்து 86 ஆண்டுகள் கழித்து அந்த விதை மீண்டும் முளைத்தது. அதுவும் பள்ளிக்கூட வாசலிலேயே முளைத்தது.

நேயர்களே, ஸ்டீவன்ஸ் குறையில்லாத மனிதர் அல்லர். சூதாட்டத்தில் ஆசை உண்டு. கோபமும் கடுஞ்சொல்லும் உண்டு. ஒரு தாயை அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்பிய பழியும் உண்டு. ஆனால் தாம் ஏழையாக ஏறி வந்த ஏணியை அவர் எட்டி உதைக்கவில்லை. பின்னால் வரும் பிள்ளைகளுக்காக அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு அந்த ஏணியை முதலில் எடுத்து வைத்தவர் யார்? கணவன் கைவிட்டபின், ஊனமுற்ற பிள்ளையை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் இருந்த ஊரைத் தேடிப் போன ஓர் ஏழைத் தாய். வீட்டில் கஷ்டம் வரும்போது, "இந்தப் பிள்ளையை நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்பினால் என்ன?" என்ற எண்ணம் பெற்றோருக்கு வருவது இயற்கை. அந்த எண்ணம் வரும் இரவில் சாரா ஸ்டீவன்சைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். புத்தகப் பணமோ, உதவிச் சம்பளமோ கேட்டு மனுப் போட வேண்டியிருந்தால் கூச்சப்படாமல் போடுங்கள். அது பிச்சை அல்ல, பிள்ளையின் உரிமை. அதைத்தான் அந்த வழக்கறிஞர் அன்று சட்டமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார்.